குப்பன், சுப்பன், கூபென்

யாரோ ஒருத்தன் என்று சொல்ல வேண்டுமானால் தமிழ்நாட்டில் குப்பனையும் சுப்பனையும்தான் இழுப்பார்கள். ‘கண்ட குப்பனும் சுப்பனும் பேச வந்துட்டான்’ என்பார்கள். மொரீஷியஸில் அந்த இரண்டு பேருக்கும் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. குப்பன் ‘கூபென்’ ஆகவும் சுப்பன் ‘சூபென்’ ஆகவும் அடையாள அட்டையில், கல்லறையில், கடைப் பலகையில் குடும்பப்பெயராக நிற்கிறார்கள். நான் முதல் வகை. ஆங்கில எழுத்தில் ஸி, இரண்டு ஓ, பி, இ, என். ஐரோப்பாவுக்குப் போனால் டச்சுக்காரரா என்று கேட்பார்கள். நிறத்தைப் பார்த்த பிறகும் கேட்டவர்கள் உண்டு.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு வேறு என்ன வேலை? இந்தக் குடும்பப்பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தீவில் இது அரிதான பெயர். பழைய தொலைபேசிப் புத்தகத்தில் ராமசாமிகளும் பிள்ளைகளும் பக்கம் பக்கமாக இருப்பார்கள். கூபென்கள் ஒரு பத்தியைக்கூட நிரப்ப மாட்டார்கள். உலகத்தில் எந்தக் குடும்பப்பெயரை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டும் இணையதளங்களில் தேடினால் மொரீஷியஸ், பிரிட்டன், ஃபிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று அங்கங்கே சில புள்ளிகள். தமிழ்நாட்டின் மேல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதை நம்பினால் தமிழ்நாட்டில் குப்பனே கிடையாது.

அங்கே குப்பனின் மகன் ‘கு.’ என்று ஓர் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வான். அவன் மகன் அந்த எழுத்தையும் விட்டுவிட்டுத் தன் அப்பாவின் எழுத்தைப் போட்டுக்கொள்வான். இரண்டே தலைமுறையில் குப்பன் காகிதத்திலிருந்து காணாமல் போய்விடுவார். குடும்பப்பெயரை எண்ணும் எந்தக் கணக்கிலும் அவர் அகப்பட மாட்டார். இங்கே வந்த குப்பன் மட்டும் நூற்றைம்பது வருஷமாக எங்கள் தோளை விட்டு இறங்கவில்லை.

குப்பன் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது வயதானவர்களுக்குத் தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து தவறிப்போனால், அடுத்த பிள்ளையைப் பிறந்தவுடன் குப்பைமேட்டில் கொஞ்ச நேரம் கிடத்தி, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுத்துவருகிற மாதிரி எடுத்துவருவார்கள். குப்பையில் கிடந்ததை எமன் எதற்குத் தேடிவரப் போகிறான்? பையனாக இருந்தால் குப்பன், குப்புசாமி. பெண்ணாக இருந்தால் குப்பம்மாள், குப்பாயி. சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்குவார்கள். சில வீடுகளில் ஆண்பிள்ளைக்கும் மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். பிச்சை, பிச்சைமுத்து என்பவையும் இந்தக் கூட்டம்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால், ஒவ்வொரு குப்பனுக்கும் முன்னால் ஒரு பிள்ளை செத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எங்கேயோ மேலே ஒரு தாய் பயந்துபோய் வைத்த பெயர் அது.

எங்கள் குப்பனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்திலிருந்து வந்தது. ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. 1834 நவம்பர் 2-இல் ‘அட்லஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஆட்களைக் கொண்டுவந்தது முதல் 1910 வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தீவில் இறங்கினார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாக வந்த போஜ்புரிக்காரர்கள். அடுத்தபடியாகச் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய நம்மவர்களும் தெலுங்கர்களும். (தமிழர்கள் அதற்கும் நூறு வருஷம் முன்பே, ஃபிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் வந்தவர்கள். அது வேறு கதை. ‘நாங்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை’ என்று சொல்லிக்கொள்ள அந்தக் கதை சில குடும்பங்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது.)

பதிவேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் அடையாளம், மாவட்டம், கிராமம். குடும்பப்பெயருக்குக் கட்டமே இல்லை. எங்கள் ஆளின் வரியில் பெயர் கூபென், தகப்பன் மூனியென், மாவட்டம் தென்னாற்காடு. கிராமத்தின் பெயரை எழுதியவர் எழுதியிருக்கும் விதத்தில் அது எந்த ஊராகவும் இருக்கலாம். அடையாளம் என்ற இடத்தில் புருவத்தில் ஒரு தழும்பு, மூக்கில் துளை. அந்த மூக்குத் துளையைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கொஞ்ச நேரம் படிக்கவில்லை. துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கு அது ஓடிப்போனால் பிடிக்க உதவும் ஓர் அடையாளம். குப்பையில் கிடத்தியதும் போதாதென்று மூக்கையும் குத்தியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை போயிருக்கும்?

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எங்கள் தீவில் எழுதினவனும் இரண்டு பேர். 1810 முதல் ஆட்சி ஆங்கிலேயருடையது; நகரத்து எழுத்தர்களின் நாக்கு ஃபிரெஞ்சு நாக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் உகரத்துக்கு இரண்டு ஓ. ஃபிரெஞ்சுப் பழக்கத்தில் ஓ-யூ. அதனால் முத்து என்ற ஒரே பெயர் இரண்டு விதமாகவும் எழுதப்பட்டுக் கிடக்கிறது. கடைசியில் வரும் ‘அன்’ எல்லாம் ‘என்’ ஆகிவிட்டது: ராமன் ராமென், முனியன் மூனியென், கறுப்பன் கர்பென், சின்னப்பன் சினாபென். மனிதர்கள் மட்டும் இல்லை, சாமியும் தப்பவில்லை. போர்ட் லூயியில் கைலாசம் என்று நாங்கள் சொல்லும் கோயிலின் பெயர்ப்பலகையில் மீனாட்சி ‘அம்மென்’ ஆகத்தான் இருக்கிறாள். அந்த ‘என்’னைப் பார்த்தால் உலகத்தில் எங்கே இருந்தாலும் இவர்கள் மொரீஷியஸ்காரர்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பக்கத்துத் தீவான ரீயூனியனில் எல்லாம் முழு ஃபிரெஞ்சு எழுத்து. தென்னாப்பிரிக்காவில் முழு ஆங்கிலம்.

ஆக, கூபென் என்ற பெயர் அரிதாக இருப்பதற்கு முதல் காரணம் எழுத்து. குப்பன் என்ற ஆட்கள் கப்பல் கப்பலாக வந்திருப்பார்கள். ஒருவரைக் கூபென் என்றும், இன்னொருவரைக் கூபன் என்றும், மற்றொருவரைக் கூப்பு என்றும் எழுதியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கியவர் கே எழுத்தில் குப்பன் ஆனார். இவர்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் பெயர் அரிதே இல்லை. இன்னொரு பக்கம், கூபென் என்று ஒரே எழுத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குப்பனின் வாரிசுகளும் இல்லை. தெற்கே சவான் பக்கம் ஒரு கூபென் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய குப்பன் வேறு கப்பல், வேறு மாவட்டம். கல்யாண வீட்டில் சந்தித்தால் ‘நாமெல்லாம் சொந்தம்’ என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். சொந்தம் கிடையாது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. வந்தவர்களுக்கு ஒற்றைப் பெயர். பிள்ளை பிறந்து பதியும்போது அப்பாவின் பெயரை முன்மாதிரியாக வைத்துக் குடும்பப்பெயர் எழுதினார்கள். குப்பனின் மூத்த மகன் ராமசாமி கூபென். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது, நம் வழக்கப்படி அப்பாவின் பெயர் ராமசாமி என்று சொன்னார்கள். எழுத்தரும் ராமசாமி என்றே எழுதிவிட்டார். அதோடு அந்தக் கிளையில் கூபென் போய், அவர்கள் ராமசாமி ஆகிவிட்டார்கள். இளையவன் பிள்ளைகளைப் பதிந்தவர் ஃபிரெஞ்சுச் சட்டத்தின்படி கூபென் என்பதையே தொடர்ந்தார். நாங்கள் அந்தக் கிளை. ஒரே குப்பனின் பேரப்பிள்ளைகள் இரண்டு குடும்பப்பெயரில், தொலைபேசிப் புத்தகத்தின் இரண்டு மூலைகளில்.

பெயர் எப்போது கெட்டிப்பட்டது? என் கணிப்பு, நிலம் வாங்கியபோது. 1870-களுக்குப் பிறகு கரும்புத் தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். ‘மோர்செல்மான்’ என்று இன்றும் சொல்லுகிறோம். ஒப்பந்தம் முடிந்து கையில் நாலு காசு சேர்த்த பழைய கூலிகள் கால் ஆர்ப்பாண், அரை ஆர்ப்பாண் என்று வாங்கினார்கள். (ஆர்ப்பாண் என்பது ஃபிரெஞ்சு நில அளவு, ஏறக்குறைய ஓர் ஏக்கர்.) வாங்கினால் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அதிகாரியிடம், பத்திரம். பத்திரத்தில் ஒரு பெயரைப் போட்டுக் கைநாட்டு வைத்துவிட்டால், பிள்ளைகள் அந்தப் பெயரோடுதான் நிற்கவேண்டும். மாற்றினால் நிலம் போய்விடும். சாதியோ கோத்திரமோ பிடித்து நிறுத்தாத பெயரை அரை ஆர்ப்பாண் கரும்பு நிறுத்திவைத்தது.

அதற்கு முன்னால் பெயரை யார் மதித்தார்கள்? 1867 சட்டம் பழைய கூலிகள் எல்லாரையும் படம் ஒட்டிய சீட்டோடு திரியச் சொன்னது. சீட்டில்லாமல் ரோட்டில் அகப்பட்டால் நாடோடி என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். 1871-இல் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் இந்தக் கொடுமைகளை எழுதி, 9,401 பேரிடம் ஒப்பம் வாங்கி ஆளுநரிடம் மனுக் கொடுத்தார். அடுத்த வருஷம் அரச விசாரணைக் குழு வந்தது. சீட்டில் போலீஸ்காரர் முதலில் பார்த்தது எண்ணைத்தான். ஆவணக்காப்பகத்தில் இன்றும் எண் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். பெயரை மட்டும் கொண்டுபோனால் எத்தனை கூபென், எத்தனை முனிசாமி என்று தலை சுற்றும்.

அப்பா வழி என்றே வைத்துக்கொள்ளவும் முடியாது. கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் அரசாங்கத்தில் பதியாமல் விட்டால் சட்டத்தின் கண்ணில் நெடுங்காலம் கல்யாணமே இல்லை. பிள்ளை தாயின் பெயரில் பதிவாகும். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணத்தில் பிறந்த பிள்ளையைப் பதிவேடு தகப்பன் இல்லாத பிள்ளை என்கும். இதனால்தான் எங்கள் பக்கமும் ரீயூனியனிலும் பெண் பெயர்கள் குடும்பப்பெயராக இருக்கின்றன. ரீயூனியனில் மினாச்சி, லட்சிமி என்று குடும்பப்பெயர் கொண்டவர்களைப் பார்க்கலாம். மீசை வைத்த ஆளை ‘மிஸ்யே மினாச்சி’ (திருவாளர் மினாச்சி) என்று கூப்பிடும்போது எனக்குச் சிரிப்பும் வரும், ஒரு மரியாதையும் வரும். ஏதோ ஒரு மீனாட்சி தனியாக நின்று பிள்ளையைப் பதிந்திருக்கிறாள்.

தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் எங்கள் நிலைமை நன்றாகப் புரியும். 1860-க்கும் 1911-க்கும் இடையே நேட்டாலுக்கு 1,52,184 பேர் போனார்கள். அதில் பெரும்பான்மை சென்னை வழியாக. அவர்களுக்கும் முதலில் ஒற்றைப் பெயர்தான். ஆனால் அங்கே பின்னால் வந்தவர்கள் சாதிப் பட்டத்தைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டார்கள்: பிள்ளை, நாயுடு, முதலி, செட்டி, படையாச்சி, ரெட்டி. கவுண்டர் என்பது ‘கவெண்டர்’ ஆகி அங்கே எங்கு பார்த்தாலும் இருக்கிறது. கப்பலில் ஏறும்போது இருந்த சாதியும் இறங்கிச் சில வருஷம் கழித்து எழுதிய பட்டமும் ஒன்றுதானா என்று டர்பனில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். விளைவு, அங்கே பத்துப் பதினைந்து பட்டங்களுக்குள் ஏராளமான ஜனம் அடங்கிவிடுகிறது. இங்கேயும் பிள்ளையும் செட்டியும் உண்டு. ஆனால் பெரும்பாலும் வந்த ஆளின் சொந்தப் பெயரே நின்றுவிட்டதால், எத்தனை பாட்டன்களோ அத்தனை குடும்பப்பெயர்கள். எங்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரே குடும்பப்பெயர் இரண்டு தடவை வந்தால் பெரும்பாலும் அண்ணன் தம்பிதான்.

ஒரே பாட்டனில் தொடங்கும் பெயருக்கு ஆயுள் குறைவு. 1873-இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் இதைக் கணக்காகவே கேட்டார்: ஒவ்வோர் ஆணுக்கும் சராசரி இத்தனை ஆண்பிள்ளை என்றால், ஒரு குடும்பப்பெயர் அழிய எவ்வளவு வாய்ப்பு? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டுபிடித்து, எல்லாப் பெயரும் என்றாவது அழிந்தே தீரும் என்று முடித்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள்: சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் ஆரம்பத் தலைமுறைகளில்தான் கண்டம். இங்கிலாந்துப் பிரபுக்களை நினைத்துப் போட்ட கணக்கு எங்கள் கூலி லயன்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஆரம்பத்தில் வந்த கப்பல்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. கல்யாணமே ஆகாமல் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1867-இல் மலேரியா வந்து ஒரே வருஷத்தில் சுமார் 40,000 பேரைக் கொண்டுபோனது. 1861 கணக்கெடுப்பில் சுமார் 3,10,000 பேர் இருந்த தீவு இது. எத்தனையோ பெயர்கள் பதிவேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிட்டன. நாங்கள் மிஞ்சியதற்குக் காரணம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஐந்து பையன்கள், அவ்வளவுதான்.

இனி, கூபென் என்றால் யார்? தமிழர் என்று சொல்லிவிடலாமா? எல்லாரும் கோயிலுக்குப் போகிறவர்களா? இல்லை. தமிழ்க் குடும்பப்பெயரோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் கத்தோலிக்கர்கள் எங்கள் தீவில் ஏராளம். தைப்பூசக் காவடி அன்று பால்குடம் எடுக்கிறவர்களிலும் அவர்கள் உண்டு. அரசியல் சட்டம் எங்களை இந்து, முஸ்லிம், சீன வம்சாவளி, ‘பொது மக்கள்’ என்று நாலாகப் பிரித்திருக்கிறது. ஒரே பாட்டனின் பேரர்கள் அதில் இரண்டு பெட்டிக்குள் விழுந்துவிடுவார்கள். இந்தப் பிரிவினையைக் கணக்கெடுத்தது கடைசியாக 1972-இல். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள், தேர்தலுக்கு மட்டும் பழைய கணக்கு ஓடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்றே சொல்கிறவர்களும் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது மொழி எப்படி மதமாகும் என்று சண்டைக்கு வந்துவிட்டார். இங்கே பல வீடுகளில் மொழி போய்விட்டது, கோயில் இருக்கிறது. பெயர் வைக்க ஏதாவது வேண்டுமே.

எழுத்துக் குழப்பம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது, தாத்தா வாங்கிய அரை ஆர்ப்பாணைப் பிரித்தபோது. தீவின் கிழக்கே ஃபிளாக் மாவட்டத்தில், ரோட்டை ஒட்டிய நிலம். இப்போது நல்ல விலை. அப்பாவும் பெரியப்பாவும் கூபென். சித்தப்பா பிறந்தபோது பதிந்த எழுத்தர் இ-க்குப் பதில் ஏ போட்டுவிட்டார்: கூபன். அறுபது வருஷம் யாரும் கவலைப்படவில்லை. நொத்தேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ‘மிஸ்யே கூபென், இவர் உங்கள் தம்பிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்று அப்பாவைக் கேட்டார். சித்தப்பா எழுந்தே விட்டார். ‘மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா? அதே காது, அதே மொட்டைத் தலை!’ நொத்தேருக்குக் காது அத்தாட்சி இல்லை. பிறப்புச் சான்று, தாத்தா பாட்டியின் திருமணப் பதிவு, சத்தியப் பிரமாணம், சாட்சிகள் என்று மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பத்திரத்தில் ‘கூபென், கூபன் என்றும் எழுதப்படும்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குத் தனிக் கட்டணம்.

சித்தப்பாவின் பேத்தி இப்போது மெல்போர்னில். 1968 சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் போனவர்களின் பாதையில் போனவள். இணையதள வரைபடத்தில் ஆஸ்திரேலியாவின் மேல் இருக்கும் கூபன் புள்ளிகளில் ஒன்று அவளாக இருக்கலாம். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கே வந்தபோது, ஏழாவது தலைமுறை வரைக்கும் உள்ள மொரீஷியஸ்காரர்களுக்கு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். அதிலிருந்து அவளுக்கு அட்டை ஆசை. கப்பலில் வந்தவர் முதல் அவள் வரை சங்கிலி அறுபடாமல் காகிதம் காட்ட வேண்டும். ‘பெரியப்பா, எங்க பேரு ஏ, உங்க பேரு இ, அவங்க ஒத்துக்குவாங்களா?’ என்று தொலைபேசியில் கேட்கிறாள். நொத்தேர் எழுதிய வரியைப் படம் எடுத்து அனுப்பினேன். இடையில் கொள்ளுப்பாட்டியின் மகன்களில் ஒருவர் சில வருஷம் தாய் பெயரில் இருந்து, பிறகு கல்யாணப் பதிவில் தகப்பன் பெயருக்கு வந்தவர். அந்தக் காகிதம் ஒன்றுதான் பாக்கி. பதிவு அலுவலகத்தில் ஸி எழுத்தில் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். கே எழுத்திலும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.